நாலு டயரும் அம்மாவின் காது மெஷினும்

போன வாரம் கார் கழுவும்போது பின்பக்க இடது டயரில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு புடைப்பு கண்ணில் பட்டது. ரோட்டைத் தொடுகிற பட்டனில் இல்லை, பக்கவாட்டில். கடைக்குக் கொண்டுபோனால் பையன் விரலால் ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு, "உள்ள நூல் அறுந்திருச்சுண்ணே. இதுக்கு ஒட்டெல்லாம் கிடையாது, மாத்தணும்" என்றான். வாரண்டி என்று இழுத்தேன். பள்ளத்தில் விட்டு வாங்கிய அடிக்கு வாரண்டி கிடையாதாம். 22 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது.

அந்த எரிச்சலோடு கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து நண்பன் போன் பண்ணினான். "மாப்ள, நீ போட்ட டயர் சத்தமே வராதுன்னு சொன்னேல்ல, அதையே நானும் போட்டுரவா? வரியும் குறைஞ்சிருக்கு." அப்போது நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. ஆறிய பிறகு எழுதுகிறேன். முழுசாக ஆறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வரி விஷயம் உண்மை. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. நான் வாங்கியது 2024 பிப்ரவரியில், நாலும் சேர்த்து 26,400 ரூபாய். இன்றைக்கு அதே விலைக்குக் கணக்குப் போட்டால் இரண்டாயிரத்துச் சொச்சம் மிச்சமாகியிருக்கும். அதை நினைத்தால் இன்னும் கொஞ்சம் எரிகிறது.

கார் ஏழு பேர் போகிற குடும்பக் கார், டயர் அளவு 185/65 ஆர்15, முதல் எண் அகலம். காரோடு வந்த டயர்கள் 38 ஆயிரம் ஓடின. பட்டன் 3 மில்லிமீட்டர் மிச்சம் இருந்தது, சட்டப்படி இன்னும் ஓட்டலாம். மாற்றியதற்குக் காரணம் சத்தம் மட்டும்தான். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு முனகல் தொடங்கும். எண்பதைத் தொட்டால் முனகல் நின்று ஊளை ஆகிவிடும். எனக்கும் மனைவிக்கும் அது பழகிவிட்டது, பாட்டை இரண்டு புள்ளி கூட்டி வைத்துக்கொள்வோம். அம்மாவுக்குத்தான் பழகவில்லை. அம்மா காதுக்கு மெஷின் வைத்திருக்கிறார். அது பேச்சைத் தூக்கிக் கொடுக்கும்போது டயர் ஊளையையும் சேர்த்தே தூக்கிக் கொடுக்கும். தங்கை வீடு சேலத்தில். மதுரையிலிருந்து கிளம்பினால் வாடிப்பட்டி வருவதற்குள், "ஏம்ப்பா, காதுக்குள்ள ரைஸ்மில் ஓடுது" என்பார். திண்டுக்கல்லில் மெஷினைக் கழற்றி அதன் குட்டி டப்பாவில் போட்டு மூடிவிடுவார். அப்புறம் சேலம் வரை ஜன்னல்தான். கரூரில் காபி வேண்டுமா என்று கேட்க ஒரு அலறல், சர்க்கரை போடலாமா என்று கேட்க இன்னொரு அலறல்.

முதலில் இதை டயர் சத்தம் என்றே யாரும் சொல்லவில்லை. ஒரு மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "முன் வீல் பேரிங் போச்சு சார்" என்றார். மாற்றினோம். நாலாயிரத்துச் சொச்சம். வெளியே வந்து எண்பதில் போனால் அதே ஊளை. இப்போது எனக்கு வித்தியாசம் தெரியும். ஆளில்லாத ரோட்டில் எழுபதில் போகும்போது ஸ்டியரிங்கை மெதுவாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டினால் பேரிங் சத்தம் ஏறி இறங்கும், பாரம் பக்கம் மாறுவதால். டயர் சத்தம் அதற்கு மசியாது, ரோடு மாறினால்தான் மாறும். புதுசாகத் தார் போட்ட இடத்தில் பாதியாகக் குறையும், டோல்கேட்டை நெருங்கி சிமெண்ட் தளத்தில் ஏறியதும் வேறு சுருதிக்குத் தாவும். கீழே என்ன ரோடு என்று பேரிங்குக்கு எப்படித் தெரியும்?

கடைசியில் கண்டுபிடித்தது என் உள்ளங்கை. பின் டயரின் பட்டன்மேல் கையை வைத்துச் சுற்றுவாக்கில் தடவினேன். ஒரு திசையில் வழுவழு. திருப்பித் தடவினால் பட்டனில் உள்ள ஒவ்வொரு ரப்பர் கட்டையின் விளிம்பும் ரம்பப் பல் மாதிரி கையில் இடறியது. கட்டைகளின் ஒரு முனை மட்டும் தேய்ந்து மறுமுனை தூக்கி நின்றிருக்கிறது. முன்சக்கரம் இழுக்கிற கார்களில், பாரம் குறைந்த பின் டயர்களில் இது சகஜமாம். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டிருந்தால் தேய்மானம் சமமாகியிருக்கும். நான் 38 ஆயிரத்தில் எத்தனை தடவை மாற்றினேன்? ஒரு தடவைகூட இல்லை. அதுவரை டயர் கம்பெனியைத் திட்டிய திட்டில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

சரி, புது டயர். எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று சொல்லப் போவதில்லை. நண்பன் இதைப் படித்துவிட்டு அதே பேரைக் கேட்டுக்கொண்டு கடைக்குப் போவான். அவன் காருக்கு அளவு வேறு. ஒரே பேருள்ள டயர் ஒரு அளவில் இருக்கிற மாதிரி இன்னொரு அளவில் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. எதைப் பார்த்து வாங்கினேன் என்று சொல்கிறேன்.

கடைக்கு ஒரு ஸ்கேல் கொண்டுபோனேன். கடைக்காரர் சிரித்தார், சிரிக்கட்டும். பட்டனில் அடுத்தடுத்து இருக்கும் கட்டைகளை அளந்தால் ஒன்று 24 மில்லிமீட்டர், அடுத்தது 29, அதற்கடுத்தது 26. அச்சுப் பிழை மாதிரி தெரியும், வேண்டுமென்றேதான் அப்படிச் செய்கிறார்கள். இந்த டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.95 மீட்டர் உருளும். எண்பதில் போனால் விநாடிக்குப் பதினொரு சுற்றுக்கு மேல். சுற்றுக்கு 70 கட்டை, எல்லாம் ஒரே நீளம் என்று வையுங்கள். விநாடிக்கு 800 தட்டு, ஒரே தாளத்தில். அதுதான் ஊளை. மனிதர் பேச்சு புழங்குகிற இடமும் அதுவேதான், காது மெஷின் அக்கறையாகத் தூக்கிக் கொடுக்கிற இடம். கட்டைகளின் நீளம் கலைந்திருந்தால் தட்டும் கலைந்துபோய் வெறும் 'ஸ்ஸ்' ஆகிவிடும். கூட்டமே சேர்ந்து ஒரே தாளத்தில் கைதட்டுவதற்கும் ஆளாளுக்குத் தட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்.

கடைக்காரர் ஒரு ஐரோப்பிய ஸ்டிக்கரைக் காட்டினார். ஸ்பீக்கர் படம், பக்கத்தில் 69 டெசிபல். அது நமக்கான எண்ணே இல்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் காரை உருளவிட்டு, ரோட்டோரத்தில் ஏழரை மீட்டர் தள்ளி மைக் வைத்து எடுக்கிற கணக்கு அது. தெருவில் குடியிருப்பவருக்குக் கேட்கிற சத்தம். உள்ளே உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்கு என்ன கேட்கும் என்று அந்த ஸ்டிக்கர் சொல்லாது.

"195 போடுங்கண்ணே, கெத்தா இருக்கும்" என்றும் ஒரு யோசனை வந்தது. அகலம் கூடினால் சத்தமும் பொதுவாகக் கூடத்தான் செய்யும். வேண்டாம் என்றேன். பாரக் குறியீடு 88, அதாவது டயருக்கு 560 கிலோ. ஏழு பேர் ஏறுகிற காரில் அதற்குக் கீழே இறங்கக் கூடாது. பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத்தையும் பார்த்தேன். 4823 என்றிருந்தது, 2023ஆம் ஆண்டு 48வது வாரம் செய்தது. பழைய ஸ்டாக் என்றால் ரப்பர் இறுகியிருக்கும், அதுவும் சத்தம் போடும். நைட்ரஜன் அடித்தால் சத்தம் குறையும் என்று ஒருவர் சொன்னார். அவருக்கு வணக்கம் வைத்துவிட்டு வந்தேன்.

காற்று விஷயத்தில்தான் ஏமாந்தேன். மாட்டி முடித்ததும் பையன் நாலிலும் 40 பிஎஸ்ஐ அடித்து அனுப்பிவிட்டான். முதல் நாள் ஒவ்வொரு பாலத்து இணைப்பிலும் 'டொம்' 'டொம்' என்று பானையில் தட்டிய மாதிரி. பணம் போச்சு என்றே நினைத்தேன். டிரைவர் கதவைத் திறந்தால் உள்ளே ஒட்டியிருக்கிற தாளில் உள்ள அளவுக்கு இறக்கியதும் பாதி அடங்கியது. முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டர், புது ரப்பரின் மேல்பூச்சு போகிற வரை, பிடிமானமும் சுமார்தான்.

அப்புறம் சேலம் போனோம். வாடிப்பட்டி போயிற்று, ரைஸ்மில் பேச்சு இல்லை. திண்டுக்கல் தாண்டியும் டப்பா வெளியே வரவில்லை. இதில் நான் யோசிக்காத ஒன்று இருந்தது. நெடுஞ்சாலையில் ஏறிவிட்டால் முன்சீட்டில் நானும் மனைவியும் எது வேண்டுமானாலும் பேசலாம் என்பது எங்கள் வீட்டில் பல வருஷ வழக்கம். அன்றைக்கும் அந்த நினைப்பில் தங்கை வீட்டுக்காரரின் கடனைப் பற்றிச் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தோம். வேடசந்தூர் பக்கத்தில் பின்னாலிருந்து குரல்: "அவரு வீடு கட்டத்தானப்பா வாங்கினாரு, சும்மா இல்லையே." மனைவி என்னைப் பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன். அதிலிருந்து சேலம் வரை அம்மா நிறுத்தவே இல்லை. மூன்று வருஷத்துப் பேச்சு பாக்கி இருந்தது போல.

போனில் டெசிபல் ஆப் வைத்தும் பார்த்தேன். ஆய்வகத் துல்லியம் எதிர்பார்க்க வேண்டாம், ஒப்பிட மட்டும். வாடிப்பட்டி தாண்டி அதே இடம், எண்பது, ஏசி காற்று ஒன்றில். பழசு 71, புதுசு 67. நாலு என்றால் கொஞ்சம்தானே என்று தோன்றும். டெசிபலில் மூன்று குறைந்தாலே ஒலியின் ஆற்றல் பாதியாகிவிடும். அதோடு சுருதியும் போய்விட்டது, காதை அறுத்தது அதுதான். ஆனால் டோல்கேட் சிமெண்ட் தளத்தில் 75 இருந்தது, இப்போது 74. அங்கே வழுக்காமல் இருக்கத் தளத்திலேயே குறுக்குக் கோடு கீறியிருக்கிறார்கள். சத்தம் அந்தக் கோட்டிலிருந்து வருகிறது. தினமும் சிமெண்ட் ரோட்டில் போகிறவர்கள் இதற்காகக் காசை விட வேண்டாம்.

ஊளை போனதும் அதற்கடியில் ஒளிந்திருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கடைசி வரிசை பெல்ட்டின் கொக்கி பிளாஸ்டிக்கில் தட்டுகிற சத்தம் இத்தனை வருஷம் இருந்திருக்கிறது. மகனின் பழைய சாக்ஸை மாட்டிவிட்டேன். டேஷ்போர்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு சுருள் ஒட்டுத்துணியும் செலவு. அப்படியும் பின்பக்கம் எங்கேயோ ஒரு 'டிக் டிக்' மிச்சம். மனைவிக்குக் கேட்கவில்லை. "உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்றாள். நிஜமாகவே பிரமையோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இனி குறை. 22 ஆயிரத்தில் பட்டன் 7.5 மில்லிமீட்டரிலிருந்து 4.2க்கு வந்துவிட்டது. 1.6 வந்தால் தூக்கிப் போட வேண்டும். மிஞ்சிப்போனால் 40 ஆயிரம் வரும். பழைய ஊளை டயர் 38 ஆயிரத்திலும் கல்லு மாதிரி நின்றது. இந்த முறை பத்தாயிரத்துக்கு ஒரு தடவை ஒழுங்காக மாற்றிப் போட்டும் கணக்கு இப்படித்தான். பக்கவாட்டு ரப்பர் இளசு. அந்த இளசுதான் பள்ளத்தை உள்வாங்கி நம்மைத் தாலாட்டுகிறது, அதுவேதான் மழை நாள் ராத்திரி சர்வீஸ் ரோட்டில் தண்ணீர் மூடிக் கிடந்த ஒரு பள்ளத்தில் ரிம்முக்கும் விளிம்புக்கும் நடுவே நசுங்கி நூலை விட்டுக்கொடுத்துவிட்டது. அந்தச் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது. அம்மாவே "என்னப்பா அது?" என்றார். பழைய டயராக இருந்தால் ரிம்மே வளைந்திருக்குமோ என்னவோ, நியாயமாகப் பார்த்தால் அதையும் சொல்ல வேண்டும். எனக்கு இப்போது நியாயமாகப் பார்க்கிற மூடு இல்லை.

ஒரு டயர் மட்டும் வாங்கினால் போதாது. ஒரே அச்சில் ஒன்று 4 மில்லிமீட்டரும் மற்றது புதுசும் ஓடக் கூடாது என்பதால் இரண்டு. மிச்சமான நல்லது ஸ்டெப்னிக்குப் போயிற்று. "வேற ஏதாவது கெட்டியான டயரா பார்க்கலாமாண்ணே?" என்று பையன் கேட்டான். அதுவரை அரை மணி நேரம் இந்த டயரைத் திட்டிக்கொண்டிருந்த நான், "இல்லப்பா, இதையே போடு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று நண்பன் கேட்டால் பதில் வைத்திருக்கவில்லை. அவனுக்கு என் தீர்ப்பு: வாங்காதே. உன் ஊர் ஜல்லி ரோட்டுக்கு இது ஆறு மாசம் தாங்காது. கெட்டி டயர் போடு, ரொட்டேஷன், அதாவது முன்னும் பின்னும் மாற்றிப் போடுவதை, மறக்காதே.

புது ஜோடியைப் பின்னால் போட்டு இந்த ஞாயிறு சேலம் போனோம். கொடைரோடு தாண்டியதும் அம்மா முன்சீட்டைத் தட்டினார்.

"பின்னாடி ஏதோ டிக் டிக்குங்குது. அது என்னன்னு பாருப்பா."

மனைவி பக்கம் திரும்பினேன். அவள் ஜன்னலுக்கு வெளியே சிறுமலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.