ஸ்டவுட்டில் ஹாப்ஸ் கசப்பு: 25-ஆ, 40-ஆ, 60-ஆ?

விமான நிலையத்தில் வரியில்லாமல் ஓர் ஆளுக்கு 2 லிட்டர்தான் விடுவார்கள். 330 மில்லி பாட்டில் ஆறு வைத்தால் 1.98 லிட்டர். சிங்கப்பூரிலிருந்து வரும் என் மனைவியின் தம்பி இந்தக் கணக்கில் ஒரு சொட்டைக்கூட வீணாக்குவதில்லை. இந்த முறை ஆறு பாட்டிலும் ஸ்டவுட் என்கிற கறுப்பு பீர்: இரண்டு மில்க் ஸ்டவுட், இரண்டு ஐரிஷ் டிரை ஸ்டவுட், இரண்டு ஃபாரின் எக்ஸ்ட்ரா ஸ்டவுட்.

“மச்சான், அடுத்த மாசம் நானே இருபது லிட்டர் போடப்போறேன். ஹாப்ஸ் எவ்வளவுன்னு நீங்க சொல்லுங்க” என்றான். பீருக்குக் கசப்பும் மணமும் கொடுக்கும் பூதான் ஹாப்ஸ். ஏழு வருஷம் அங்கே ஒரு சின்ன மதுக்கூடத்தில் மூட்டை தூக்கி, தொட்டி கழுவி, கடைசி மூன்று வருஷம் காய்ச்சும் அண்டா பக்கத்திலேயே நின்றவன் நான். அதனால் கேட்கிறான். (ராமேஸ்வரம் தீவில் எங்கள் ஊரான தங்கச்சிமடத்தில் நாங்கள் யாரும் எதையும் காய்ச்சவில்லை. உரிமம் இல்லாமல் இங்கே அதைச் செய்தால் கம்பி எண்ண வேண்டியதுதான். குடித்துப் பார்த்துப் பேசியதோடு சரி.)

கசப்பை அளக்கும் அலகுக்கு ஐபியு என்று பெயர். ஒரு லிட்டர் பீரில் ஐசோ ஆல்ஃபா அமிலம் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் இருந்தால் ஓர் ஐபியு. ஹாப்ஸ் பூவில் இருப்பது வெறும் ஆல்ஃபா அமிலம். அது கொதியில் ஐசோவாக உருமாறினால்தான் நன்றாகக் கரைந்து கசக்கும். அடுப்பை அணைக்கும் நேரத்தில் போட்டால் மணம்தான் மிஞ்சும்.

அவன் கையில் இருப்பது மேக்னம் ரகம், ஆல்ஃபா அமிலம் 12 சதவீதம். முளைகட்டிய பார்லியிலிருந்து இறக்கும் சாற்றின் அடர்த்தி 1.060 (வெறும் தண்ணீர் 1.000). ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் அமிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு சொச்சம்தான் பீருக்குள் வந்து சேரும். அந்தக் கணக்கில் 20 லிட்டருக்கு 25 ஐபியு வேண்டுமென்றால் 20 கிராம், 40-க்கு 32 கிராம், 60-க்கு 47 கிராம். சாதுவுக்கும் முரடனுக்கும் நடுவே 27 கிராம், ஒரு கைப்பிடிகூட இல்லை.

முதலில் 25. மில்க் ஸ்டவுட் ஆட்கள் நிற்கும் இடம் இது. பீர் போட்டி நடுவர்கள் வைத்திருக்கும் பிஜேசிபி 2021 கையேடு இனிப்பு ஸ்டவுட்டுக்கு 20 முதல் 40 வரை விடுகிறது. பால் சர்க்கரையான லாக்டோஸை ஈஸ்ட் தின்னாது. அது அப்படியே தங்கி, நாக்கில் கனமாகப் படியும். சுக்குக் காப்பியில் கருப்பட்டி ஒரு கட்டி கூடிப்போன மாதிரி. முண்டு மிளகாய் அரைத்துப் போட்ட நண்டு மசாலாவோடு இதை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. எரியும் நாக்குக்கு அந்த இனிப்பு ஒத்தடம். ஆனால் அரை பாட்டிலுக்கு மேல் எனக்கு இறங்கவில்லை. மாப்பிள்ளையோ லாக்டோஸ் போடப்போவதே இல்லை. அப்படியானால் 25-க்கு அவன் பக்கம் பெரிய நியாயம் கிடையாது.

அவன் மனசு 60-இல்தான் இருந்தது. “கறுப்புன்னா கசக்கணும் மச்சான், இல்லாட்டி என்ன கறுப்பு?” ஃபாரின் எக்ஸ்ட்ராவுக்கு அதே கையேடு 50 முதல் 70 வரை சொல்கிறது. இந்த வகையின் பூர்வீகம் டப்ளின். 1801-இல் கின்னஸ் நிறுவனம் மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பக் காய்ச்சிய போர்ட்டர் என்ற கறுப்பு பீர்தான் இதன் பாட்டன். நெடுநாள் கப்பலில் கிடந்தாலும் கெடக்கூடாது என்று ஹாப்ஸை அள்ளிப் போட்டார்கள். ஹாப்ஸுக்குக் கிருமியை அடக்கும் குணம் உண்டு. அப்புறம் குளிர்பதனம் வந்தது, சுத்தமான ஈஸ்ட் வந்தது. ஆனாலும் அந்தக் கசப்பை யாரும் கழற்றி வைக்கவில்லை.

வராந்தாவில் கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது. முதல் மடக்கு குடித்ததும் மாப்பிள்ளையின் முகம் ஒரு கணம் சுருங்கியது, ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. அப்போது அத்தை நெத்திலிக் கருவாடு வறுத்துக் கொண்டுவந்து வைத்தார். இரண்டு நெத்திலியை மென்று மறுபடி குடித்தான். “இப்போ நல்லாருக்கே!” பீர் அதேதான். உப்பு கசப்பை அமுக்கிவிட்டது. வேப்பம்பூ ரசத்தில் உப்பு குறைந்தால் கசப்பு தூக்கிக்கொண்டு நிற்பது நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். கருவாடு பக்கத்தில் இருக்கும்வரை 60 சரிப்படும். தட்டு காலியானால் சண்டைக்கு வரும். அதே பாட்டிலை நண்டு மசாலாவோடு வைத்துப் பார்த்தோம். காரம், கசப்பு, ஏழெட்டு சதவீத ஆல்கஹால் மூன்றும் கைகோத்துக்கொண்டு தொண்டையை அரத்தால் ராவின.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்டவுட்டில் கசப்பு இரண்டு வழியாக வருகிறது. ஒன்று ஹாப்ஸ். இன்னொன்று கறுக்க வறுத்த பார்லி. ஐபியு முதலாவதைத்தான் எண்ணும். இரண்டாவதை எண்ணாது. ஆனால் நாக்கு இரண்டையும் கூட்டித்தான் பில் போடும். தமிழில் இந்த இரண்டுக்கும் தனித்தனிப் பேரே இருக்கிறது. ஹாப்ஸினுடையது கசப்பு, வேப்பம்பூ மாதிரி நேராக வந்து நாக்கின் அடியில் தங்கும். பார்லியினுடையது கருகல். டிகாக்‌ஷன் இரண்டாவது தடவை இறக்கியது போல, கொஞ்சம் துவர்ப்பும் கொஞ்சம் புளிப்பும் சேர்ந்தது. கசப்பின் மேல் கருகல் ஏறினால் அடிபிடித்த குழம்பில் வேப்பிலையைக் கிள்ளிப் போட்ட கதை.

இதை நான் சொந்தச் செலவில் கற்றுக்கொண்டேன். வேலை பார்த்த இடத்தில் ஒரு முறை வறுத்த பார்லியும் கறுப்பு மால்ட்டுமாக 12 சதவீதம் போட்டு, 65 ஐபியு வரும்படி ஹாப்ஸும் போட்டேன். எழுதிப் பார்க்கும்போது இரண்டு எண்ணும் வரம்புக்குள்தான் இருந்தன. முதல் நாள் மாலை ஆறு கிளாஸ் பாதியோடு திரும்பி வந்தது. முதலாளி ஒன்றும் சொல்லாமல் கிளாஸ்களை வரிசையாக என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அதனால் ஹாப்ஸ் எவ்வளவு என்று கேட்கிறவனிடம் நான் முதலில் கேட்பது, பார்லி எவ்வளவு என்று. மாப்பிள்ளை 10 சதவீதம் வைத்திருந்தான். ஐரிஷ் ஸ்டவுட்டுக்கு வழக்கமான அளவு. அப்படியானால் தலைமை கருகலுக்குத்தான், ஹாப்ஸ் பின்னால் நின்று தாங்கிப்பிடித்தால் போதும். ஹாப்ஸ் முன்னால் வர வேண்டுமா? பார்லியை 5, 6-க்கு இறக்கிவிட்டு 60-க்குப் போகட்டும், நான் தடுக்க மாட்டேன். இரண்டு பேரும் தலைவனாக நின்றால் படகு கரை சேராது.

இனி 40. ஐரிஷ் டிரை ஸ்டவுட்டுக்குக் கையேட்டில் 25 முதல் 45 வரை. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அந்த ஸ்டவுட்டின் சாறு 1.040 அளவில் நீர்த்தது. அதில் 40 ஐபியு என்றால், அடர்த்தியின் கடைசி இரண்டு இலக்கத்தோடு வைத்துப் பார்த்தால் 40-க்கு 40, சரிக்குச் சரி, நன்றாகவே கசக்கும். மாப்பிள்ளையின் சாறு 1.060. அதே 40 அங்கே மூன்றில் இரண்டு பங்கு வேலைதான் செய்யும். மீந்த இனிப்பு மிச்சத்தை மூடிவிடும். 25 போட்டால் பாதிக்கும் கீழே, பாயசம். 60 போட்டால் மறுபடி சரிக்குச் சரி, அதோடு 10 சதவீதக் கருகல் வேறு. வெறும் ஐபியு எண்ணை மட்டும் பார்த்து ஒரு ஸ்டவுட்டை எடை போடுவது, வஞ்சிரம் என்ன எடை என்று கேட்காமல் உப்புக் கணக்குச் சொல்வது மாதிரி.

இன்னொரு சாட்சி, நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டருக்குள்தான். அந்தப் பக்கத்து லயன் ஸ்டவுட்டைக் கொழும்பில் குடித்திருக்கிறேன். 8 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால், ஆனாலும் கடிக்காது. இலங்கையிலும் சிங்கப்பூரிலும் ஜமைக்காவிலும் வளர்ந்த இந்தக் கிளைக்கு டிராபிக்கல் ஸ்டவுட் என்று பெயர். லாகர் ஈஸ்ட் போட்டு, இனிப்பைக் கொஞ்சம் மிச்சம்வைத்து, ஹாப்ஸை 30-க்கும் 50-க்கும் நடுவில் நிறுத்துகிறார்கள். சர்க்கரையும் சாராயமும் ஃபாரின் எக்ஸ்ட்ராவுக்குச் சமம், கசப்பு மட்டும் ஒரு படி கீழே. வெயில் ஊரில் எல்லாரும் பனிக்கட்டிக் குளிரில்தான் குடிக்கிறோம். குளிரில் இனிப்பு ஒளிந்துகொள்ளும், கசப்பு ஒளியாது. அதனால் குறைவான ஹாப்ஸே அங்கே போதுமானதாகத் தெரிகிறது.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சல்பேட் மிகுந்த தண்ணீரில் ஹாப்ஸ் கூர்மையாகும், குளோரைடு மிகுந்தால் உருண்டையாகும். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பல உப்புக் கரிக்கும், அதில் எந்த பீரும் ஆகாது. காவிரிக் குழாய்த் தண்ணீர் வரும் நாளில் வேண்டுமானால் பேசலாம். மாப்பிள்ளை வீட்டுக் குழாயில் மென்தண்ணீர் என்பதால் அவனுக்கு இந்தத் தலைவலி இல்லை.

கடைசியில் நான் சொன்னது இதுதான்: பார்லி 10 சதவீதத்திலேயே இருக்கட்டும், ஹாப்ஸ் 30 கிராம், 38 ஐபியு. மூன்று மாசம் வைத்துக் குடிக்கப்போகிறான் என்றால் 32 கிராம். வைக்க வைக்கக் கசப்பு தானாகவே கொஞ்சம் இறங்கும். அவன் 47 கிராமிலிருந்து 40-க்கு வந்தான், அப்புறம் 36-க்கு வந்தான், கருவாட்டுத் தட்டு காலியான பிறகு 32-க்கு ஒத்துக்கொண்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. அண்டா, ஆவி, பக்கத்தில் தராசு. தராசில் 35 என்று எரிகிறது. “என்ன மாப்ளே இது?” என்று கேட்டேன். “பாக்கெட்டுல மூணு கிராம் மிச்சம் இருந்துச்சு மச்சான், அதைப் போய் கட்டி வைக்கவா?”

35 கிராம் என்றால் 44 ஐபியு.