மௌஸைத் தொடாத பெடியங்கள்: கொக்குவில் ஞாயிறு லினக்ஸ் உதவி, நான்கு மாத அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த லினக்ஸ் உதவிக்குப் பெயர்ப்பலகை கிடையாது, பதிவு கிடையாது, கட்டணமும் கிடையாது. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ஒரு ரியூசன் கொட்டில். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஏஎல் வகுப்பு முடிந்து பிள்ளைகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனபின், அதே வாங்குகளில் லப்டொப்பும் சார்ஜருமாக வேறு ஆட்கள் வந்து குந்துவார்கள். சொல்லிக் கொடுக்கிறவர்கள் ஐந்தாறு பேர், கம்பஸ் பிள்ளைகளும் வேலைக்குப் போகிற பெடியங்களும். படிக்க வருகிறவர்களில் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர், இரண்டு ரீச்சர்மார், ஒரு தையற்கடைக்காரர், அப்புறம் நான்.

நான் கல்வெட்டு அடிக்கிறவன். யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருப்பவர்கள் கல்லில் பொறிப்பது என்று நினைக்கக்கூடும், இது செத்தவீட்டுக்குப் பிறகு முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கிற நினைவுப் புத்தகம். படம், வாழ்க்கை வரலாறு, தேவாரம், நன்றி நவிலல். நாள் தள்ளிப்போட முடியாத வேலை. என் கொம்பியூட்டரோ நாலாம் தலைமுறை இன்டெல் ஐ3 புரொசசர், நாலு ஜிபி ரம். வின்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது, வின்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும், என் பெட்டி அந்தப் பக்கமே போகாது. டவுனில் ஒரு கடையில் கேட்டேன், "போர்மட் அடிச்சுத் தாறன், நாளைக்கு வாங்கோ" என்றார்கள். போர்மட் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு கலங்கும். முன்பு வேறொரு கடையில் அப்படிக் கொடுத்துத்தான் டி டிரைவில் இருந்த நாலு வருசத்துக் கல்வெட்டுகள் போனது. கேட்டதற்கு "பக்கப் எடுக்கேல்லையோ?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள்.

வின்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போடக்கூடிய லினக்ஸ் எனக்கு முற்றிலும் புதிது என்றும் சொல்ல முடியாது. லினக்ஸில் ஒரு வகையான உபுண்டுவின் ஆட்கள் ஒரு காலத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகத் தபாலில் சீடி அனுப்பினார்கள், 2011இல் நிறுத்திவிட்டார்கள். அந்தச் சீடி ஒன்று என்னிடமும் இருந்தது. போட்டுப் பார்த்தேன், மண்ணிறமாக ஒரு திரை வந்தது, அதற்கு மேல் கேட்க ஆள் இல்லை. அந்தச் சீடியை அப்பா வெங்காயத் தோட்டத்தில் குருவி விரட்டக் கட்டினார், அதற்கு நன்றாகவே பயன்பட்டது.

சரி, இங்கே என்ன வித்தியாசம் என்றால், இவர்கள் உங்கள் மௌஸைத் தொடமாட்டார்கள். முதல்நாள் நான் கடைக்குக் கொடுக்கிற மாதிரியே, மகளின் பழைய லப்டொப்பைத் தம்பி ஒருவர் பக்கம் தள்ளிவிட்டு எழும்பிப் போகப் பார்த்தேன். பரீட்சார்த்தமாக முதலில் அதில் போட்டுப் பார்ப்போம் என்ற எண்ணம். அந்தத் தம்பி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "அண்ணை, இருங்கோ. நீங்கள்தான் அமத்தப் போறியள்" என்றார். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். பென்ட்ரைவைச் செருகி, பவரைப் போட்டவுடனே எப்12ஐ விடாமல் தட்டச் சொன்னார், இரண்டு தரம் தவறவிட்டேன், மூன்றாம் தரம் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கிற பட்டியல் வந்தது. லினக்ஸில் இன்னொரு வகையான லினக்ஸ் மின்ட், ஒன்றையும் அழிக்காமல் பென்ட்ரைவிலிருந்தே ஓடியது. அதில் வைத்தே சத்தம் வருகிறதா, கமரா வேலை செய்கிறதா, வைபை தெரிகிறதா என்று ஒவ்வொன்றாக என்னைக்கொண்டே பார்க்கவைத்தார். வைபை தெரியவில்லை. நான் முடிந்தது கதை என்று நினைத்தேன். அவர் என் போனை யூஎஸ்பி வயரில் தொடுக்கச் சொல்லி, போனின் டேற்றாவை லப்டொப்புக்குக் கொடுக்கவைத்து, டிரைவர் மனேஜரைத் திறக்கச் சொன்னார். வைபை சிப்புக்கு உரிய டிரைவர் அங்கே பட்டியலில் நின்றது. அதைத் தெரிவுசெய்து ஐந்து நிமிசத்தில் வைபை வந்துவிட்டது. இத்தனைக்கும் அவர் விரல் ஒருதரமும் கீபோர்டில் படவில்லை.

இன்ஸ்டோல் செய்ய முதல் டேற்றாவெல்லாம் வேறு டிஸ்கில் இருக்கிறதா என்று மூன்று பேர் மூன்று தரம் கேட்டார்கள். இருக்கிறது என்று சொன்னால் போதாது, திறந்து காட்டவேண்டும். இதைக் கடைப்பிடித்த கடைக்காரர் ஒருவரையும் நான் இதுவரை கண்டதில்லை.

இன்னொரு நல்ல விசயம், லினக்ஸைப் பற்றிப் பிரசங்கம் வைக்கவில்லை. என் கடை மெசினைக் கொண்டுபோனபோது, "இதுக்கு முதலில் எஸ்எஸ்டி ஒன்று போடுங்கோ, எந்தச் சிஸ்டம் எண்டாலும் பழைய ஹார்ட்டிஸ்கில் இழுபடும்" என்று நேராகச் சொன்னார்கள். அதன்பிறகுதான் மின்ட் 22, அதிலும் ரம் குறைவென்பதால் பாரம் குறைந்த எக்ஸ்எப்சிஈ பதிப்பு. இதற்கு 2029 வரை அப்டேட் வரும். இன்ஸ்டோல் செய்கிற ஐஎஸ்ஓ பைல் மூன்று ஜிபிக்குக் கிட்ட இருக்கும், அதையும் அவர்களே பென்ட்ரைவில் தருகிறார்கள், டேற்றா மிச்சம்.

சொல்லிக் கொடுக்கிற விதத்துக்கு ஒரு உதாரணம். கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையில் அப்டேட் என்று ஒன்று, அப்கிரேட் என்று இன்னொன்று, இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று தையற்கடைக்காரர் கேட்டார். ஒரு பிள்ளை சொன்ன விளக்கம்: "அப்டேட் எண்டால் இங்கத்தைத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய் இண்டைக்கு என்ன வந்திருக்கு எண்டு பார்த்து எழுதிக்கொண்டு வாறது. அப்கிரேட் எண்டால் காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டு வாறது. பார்க்காமல் வாங்கப் போனால் நேற்றைய பட்டியலைத்தான் வைச்சுக்கொண்டு நிப்பியள்." காசு என்றதும் தையற்கடைக்காரர் திடுக்கிட்டு "எவ்வளவு?" என்று கேட்டதும், அவருக்கு அது இலவசம் என்று விளங்கப்படுத்தப் பத்து நிமிசம் போனதும் வேறு கதை.

போஸ்ட்மாஸ்டர் ஐயாவின் கதையையும் சொல்லவேண்டும், ஏனென்றால் புதிதாக வருகிற எல்லாரும் விழுகிற குழி அது. மின்டோடு டைம்ஷிப்ட் என்று ஒன்று வரும், சிஸ்டம் பிழைத்தால் முந்தைய நாளுக்குத் திரும்பலாம். ஐயா அதைப் போட்டுவிட்டு, கனடாவில் இருக்கிற பேரப்பிள்ளைகளின் படமெல்லாம் பத்திரம் என்று நிம்மதியாக இருந்திருக்கிறார். டைம்ஷிப்ட் இயல்பாகச் சிஸ்டம் பைல்களை மட்டும்தான் எடுக்கும், நம்முடைய படமும் பைல்களும் இருக்கிற ஹோம் போல்டரை எடுக்காது. ஒருநாள் தற்செயலாக ஒரு போல்டரை அழித்துப்போட்டு, டைம்ஷிப்டில் தேடித் தேடி மனுசன் வேர்த்து விறுவிறுத்துப் போய் வந்தார். நல்லகாலம், படங்கள் குப்பைத்தொட்டியிலேயே கிடந்தன. அன்றைக்கே எல்லாருக்கும் வெளி டிஸ்கில் ஹோம் போல்டரைத் தனியாக எடுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள்.

இப்போது என் பிரச்சினைக்கு வருகிறேன். பாமினி, அதாவது பழைய தமிழ் எழுத்துருவும் அதற்கான விசை ஒழுங்கும். இருபத்தைந்து வருசமாக என் கை பாமினியில் ஓடுகிறது. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தட்டினால் "தமிழ்" என்று வரும், யோசிக்காமலே வரும். பாமினி எழுத்துருவை லினக்ஸில் போட்டால் பழைய பைல்கள் திறக்கின்றன, அது சிக்கலே இல்லை. ஆனால் இப்போது வெளிநாட்டில் இருந்து வருகிற வாழ்க்கை வரலாறெல்லாம் வட்ஸ்அப்பில், எந்த மெசினிலும் போனிலும் ஒரேமாதிரித் தெரிகிற யூனிகோடில் வருகிறது, நானும் யூனிகோடுக்கு மாறத்தான் வேண்டும், கை மட்டும் மாறமாட்டேன் என்கிறது. மின்டில் தமிழ் தட்ட உதவுகிற ஐபஸ் போட்டு, எம்17என் என்ற தொகுதியைச் சேர்த்தால் தமிழ்99, டைப்ரைட்டர், போனடிக், இலங்கைக்கென்று உள்ள ரெங்கநாதன் என்று கீபோர்ட் ஒழுங்குகள் எல்லாம் வருகின்றன. பாமினி இல்லை.

அன்றைக்கு என்னோடு இருந்தது கம்பஸில் படிக்கிற ஒரு பிள்ளை. தமிழ்99ஐப் பழகச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், அதுதான் சுலபம். அந்தப் பிள்ளை, "அங்கிள், கீபோர்ட் எண்டுறது கடைசியில் ஒரு ரெக்ஸ்ட் பைல்தான், நாங்களே எழுதுவம்" என்றது. வெறும் பைல் ஒன்றைத் திறந்து, எந்த விசைக்கு எந்த எழுத்து என்று ஒரு வரிக்கு ஒன்றாக என்னை அடிக்கவைத்தது. எப் என்றால் க, ஜே என்றால் த, எச் என்றால் அரவு (ா). இதுவரை சுகம். கொம்பு வந்ததும் நின்றுவிட்டோம். பாமினியில் கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கில் அடிப்போம், கெ என்றால் கொம்பு முதலில், பிறகு க. யூனிகோடில் சேமிக்கிறபோது க முதலில், கொம்பு பிறகு. ஆகவே 18 மெய்க்கும் கெ, கே, கை, கொ, கோ, கௌ என்று ஒவ்வொரு வரி, போதாததற்கு ஜ, ஷ, ஸ, ஹ. மூன்று மெய்க்கு என்னைக் கையால் எழுதவிட்டது. எனக்கு முதுகு உளையத் தொடங்கிய பிறகு, "இப்ப விளங்குதோ ஏன் புரோகிராம் எழுதுறனாங்கள் எண்டு?" என்று சிரித்துக்கொண்டே பைதன் என்ற புரோகிராம் மொழியில் ஏழெட்டு வரி எழுத வழிகாட்டியது. அதை ஓடவிட்டதும் மிச்ச வரிகள் பொலுபொலுவென்று வந்து கொட்டின. பைலை உரிய போல்டரில் வைத்து, ஐபஸை மறுபடி தொடக்கி, லிப்ரே ஒபீஸைத் திறந்து ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. தமிழ். வீட்டுக்கு வந்து மகளிடம் காட்டினேன், ஏஎல்லுக்கு ஐசிடி படிக்கிறவள், என் பைதனில் இரண்டு பிழை பிடித்தாள்.

நான் பக்கம் அமைக்கப் பாவித்த பேஜ்மேக்கர் விசயத்தில் அவ்வளவு சந்தோசம் இல்லை. லிப்ரே ஒபீஸ் ட்ரோ பழைய பேஜ்மேக்கர் பைலைத் திறக்கிறது, ஆனால் என் பக்கங்களில் கட்டங்கள் அங்குமிங்கும் நகர்ந்துவிட்டன, உள்ளே எழுத்தும் பாமினியாகவே இருக்கும். புதிய வேலைகளை, அதேமாதிரிப் பக்கம் அமைக்கிற ஸ்கிரைபஸில் செய்யப் பழகுகிறேன். தமிழுக்கு 1.6ஓ அதற்குப் பிந்தியதோ பாருங்கள், பழைய 1.4இல் கொம்பெல்லாம் இடம்மாறி நிற்கும். இதைச் சொன்னவர்கள் அவர்கள்தான், ஆனால் அச்சு வேலை தெரிந்த ஆள் அவர்களுக்குள் யாரும் இல்லை. நாலு நிறம் பிரிக்கிறது, விளிம்புக்கு வெளியே விடுகிறது போன்றவற்றில் நான்தான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

குறைகள். நேரம் ஒழுங்கில்லை, மூன்று மணி என்றால் மூன்றரை, கம்பஸில் சோதனை வந்தால் இரண்டு மூன்று கிழமைக்கு ஒருவரும் இல்லை, அதை முன்கூட்டிச் சொல்வதும் இல்லை. நான் ஒருநாள் பூட்டின கேற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். தமிழில் எழுதிய குறிப்பு ஒரு தாள்கூடத் தருவதில்லை, எல்லாம் வாய்ப்பேச்சு. அடுத்த ஞாயிறு வரைக்கும் நினைவிலிருந்தால் உண்டு, எனக்கு இருப்பதில்லை. நான் இப்போது மகளின் பழைய கொப்பி ஒன்றில் எழுதிக்கொண்டு வருகிறேன், போஸ்ட்மாஸ்டர் ஐயா அதைப் பிரதியெடுக்கிறார். மின்ட் அல்லாத வேறு எதையாவது போட்டுக்கொண்டு போனால் அரைமனதாகத்தான் உதவுவார்கள். ஒரு தம்பிக்கு வின்டோஸ் பாவிக்கிறவர்களைக் கண்டால் முகம் கோணும், ரீச்சர் ஒருவர் அதற்காகவே ஒரு மாதம் வரவில்லை.

தொடமாட்டோம் என்ற அந்தக் கொள்கையும் எல்லா நேரமும் இனிக்காது. முப்பத்தோராம் நாளுக்கு இரண்டு நாள் இருக்கையில், அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. வந்தபிறகு புதிதாக ஒன்றும் இன்ஸ்டோல் ஆகவில்லை, ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. படமெடுத்து அந்தப் பிள்ளைக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். பதில் வந்தது: "அங்கிள், அதிலேயே எழுதியிருக்கு. சத்தமாய் வாசியுங்கோ." எனக்கு வந்த கோபத்துக்கு போனை எறிந்திருப்பேன். பிறகு வாசித்தேன். வேலை இடையில் நின்றுவிட்டது, இன்னதை நீயே ஓட்டு என்று, சூடோ டிபிகேஜி கொன்பிகர் ஏ என்ற கட்டளையை அப்படியே எழுத்துக்கு எழுத்து தந்திருந்தது அது. அடித்தேன், நாலைந்து நிமிசம் ஏதேதோ ஓடியது, சரியாகிவிட்டது. கல்வெட்டும் நேரத்துக்குப் போனது. ஆனாலும் செத்தவீட்டுக்காரர் வாசலில் நிற்கிற நேரத்தில் பாடம் படிப்பிக்கிறது கொஞ்சம் கூடத்தான், இதை அந்தப் பிள்ளையிடமே சொல்லிவிட்டேன்.

போகிறவர்கள் சார்ஜரோடு ஒரு மல்ரிப்ளக்கும் கொண்டுபோங்கள், அங்கே இருப்பது இரண்டே பிளக்பொயின்ற். தண்ணீரும் கொண்டுபோங்கள், தகரக் கூரை, பின்னேரத்திலும் அவியும். நாலரைக்குப் பிளேன்ரீயும் வடையும் வரும், மேசையில் ஒரு பால்மா டின் இருக்கும், விரும்பினதைப் போடலாம். வேலையைச் செய்துதர ஆள் தேடுகிறவர்கள் போகவேண்டாம், கடைக்கே கொடுங்கள். ஒரு பின்னேரம் மினக்கெட முடிந்தவர்கள் தாராளமாகப் போகலாம். ஐந்துக்கு நாலு நட்சத்திரம் தருவேன், அந்த ஒன்றைக் குறிப்புத்தாள் அடித்துக் கொடுக்கிற அன்றைக்குத் தருகிறேன், அடிக்கிற வேலையை வேண்டுமானால் நானே செய்கிறேன்.

மிச்சம் இருப்பது என் லேசர் பிரிண்டர். அதைச் செய்த கம்பனி லினக்ஸுக்கென்று கொடுத்திருக்கிற டிரைவர் அரைகுறை, மூன்று ஞாயிறு முயன்றும் ஒரு பக்கம் வந்தால் அடுத்த பக்கம் வராது. இப்போதைக்குப் பிடிஎப் ஆக்கி, பென்ட்ரைவில் பக்கத்து ஸ்ரூடியோவுக்குக் கொண்டுபோய் அடிக்கிறேன். வாற ஞாயிறு பிரிண்டரையே காவிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். சைக்கிள் கரியரில் ரியூப் போட்டுக் கட்டினால் நிற்குமா, அல்லது ஓட்டோ பிடிக்கவா என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.