வலிக்கு ஹோமியோபதி சொட்டு மருந்து: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

கழுத்துப் பிடிப்புக்கும் முழங்கால் வலிக்கும், மருந்துச்சீட்டு இல்லாமல் கிடைக்கும் ஹோமியோபதி சொட்டுகளைச் சில வருடங்களாக விட்டுவிட்டு எடுத்து வருகிறேன். வேலை செய்கிறதா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். சொட்டு எடுத்து இரண்டு மூன்று நாளில் வலி விட்டதுண்டு. எடுக்காமலே அதே வேகத்தில் விட்டதும் உண்டு. பிடிப்பு வலி பெரும்பாலும் தானாகவே தணிவதுதான். வலி உச்சத்தில் இருக்கும்போது மருந்தைத் தேடுகிறோம், அப்புறம் இறங்கினால் பெயர் மருந்துக்குப் போய்விடுகிறது. ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆய்வுக் கவுன்சில் 2015-ல் ஆய்வுகளை அலசிவிட்டு, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருவதாக நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்றது. அதை மறுக்கும்படி என் அனுபவத்தில் எதுவும் இல்லை.

சரி, பாதுகாப்பு? புட்டியை வாங்கியதும் நான் பார்ப்பது மருந்தின் பெயரை அல்ல, அதன் பக்கத்தில் இருக்கும் எண்ணை. ‘30 சி’ என்றால் நூற்றில் ஒரு பங்காக முப்பது முறை நீர்த்தது. 12 சி தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறு மிஞ்சுவதுகூடச் சந்தேகம். அதில் பயப்பட அதிகம் இல்லை, எதிர்பார்க்கவும் இல்லை. ‘3 எக்ஸ்’ அப்படியல்ல, ஆயிரத்தில் ஒரு பங்கு. ‘க்யூ’ என்று போட்டிருந்தால் மதர் டிங்சர், அதாவது மேற்கொண்டு நீர்க்காத மூலச் சாறு. நக்ஸ் வாமிகா என்ற ஹோமியோபதி மருந்தின் மூலப்பொருள் நம் எட்டிக்கொட்டைதான், அதில் ஸ்ட்ரிக்னின் என்ற நஞ்சு உண்டு. ஆர்னிகா என்ற செடியின் மதர் டிங்சர் வெளிப்பூச்சுக்கு மட்டும், அதுவும் புண் இல்லாத தோலில். குழந்தைகளுக்குப் பல் முளைக்கும்போது கொடுக்கும் சில ஹோமியோபதி மாத்திரைகளில், லேபிளில் சொன்னதைவிடப் பல மடங்கு பெல்லடோனா என்ற நச்சுப்பொருள் இருந்ததாக 2017-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. ‘பக்கவிளைவே கிடையாது’ என்ற பேச்சை அதோடு விட்டுவிட்டேன்.

இன்னொன்று, மூடியைத் திறந்ததுமே மூக்கில் ஏறும் ஸ்பிரிட் நெடி. பெரும்பாலான சொட்டுகளின் அடிப்படையே ஆல்கஹால். தண்ணீரில் கலந்தால் காட்டம் குறையுமே தவிர ஆல்கஹால் எங்கும் போய்விடாது. சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், குடியை நிறுத்தியவர்கள், மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

மருந்து விற்ற ஒருவர், “இதை ஆரம்பித்தால் வழக்கமான மாத்திரையை நிறுத்திடலாம்” என்று தைரியமாகச் சொன்னார். அவர் சொட்டைவிட அந்த வாய்தான் ஆபத்து. நான் எதையும் நிறுத்தவில்லை.

நெஞ்சுவலி, திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, முதுகுவலியோடு காலில் மரப்பு அல்லது சிறுநீர் கட்டுப்படாமை, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, காய்ச்சலோடு மூட்டு வீக்கம்: இவற்றுக்குச் சொட்டு எண்ணிக்கொண்டு உட்கார நேரமில்லை, நேராக மருத்துவமனைதான். மற்ற வலி என்றால் சில நாள் பார்ப்பேன். குறையவில்லை என்றால் மருத்துவரிடம் போகும்போது புட்டியையும் கையோடு எடுத்துப் போகிறேன், லேபிளை அவரே படித்துக்கொள்ளட்டும் என்று.