குவாண்டம் புள்ளியா, கார்பன் நானோ குழாயா?

பாடாங் செராயில் அக்கா வீட்டுக்குப் புது டிவி வந்திருக்கிறது. திரையில் தெரிந்த செம்பருத்தியின் சிவப்பு, வாசலில் பூத்திருப்பதற்கு அப்படியே ஈடு. "மாமா, நானோ நானோன்னு பெரிசா சொன்னாங்களே, வந்தது இது மட்டும்தானா?" என்று கேட்டான் மருமகன். குலிம் தொழில்நுட்பப் பூங்காவில் வேலை பார்ப்பவன். நியாயமான கேள்வி.

டிவிக்குள் இருப்பது குவாண்டம் புள்ளி, சில நானோமீட்டர் அளவுள்ள படிகம். நானோமீட்டர் என்றால் ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. சிறியது நீலமாக ஒளிரும், பெரியது சிவப்பாக. சோனி 2013இல் இதை டிவியில் வைத்தது. 2015இல் சாம்சங் காட்மியம் என்ற நச்சு உலோகம் இல்லாமலே கொண்டுவந்தது. சொன்னதைச் செய்துவிட்டார்கள்.

கார்பன் நானோ குழாய், அதாவது கார்பன் அணுக்களால் ஆன மிக நுண்ணிய குழாய், அதன் கதை வேறு. கணினி நிறுவனமான ஐபிஎம் 1998இலேயே அதில் டிரான்சிஸ்டர், அதாவது மின்சாரத்தை ஓடவிட்டு நிறுத்தும் நுண்ணிய சுவிட்ச், செய்து காட்டியது. சிலிக்கானைவிடக் குறைந்த மின்சாரத்தில் வேகமாக ஓடும் என்பது வாக்குறுதி. 2019இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் இந்தக் குழாய்களால் செய்த சில்லில் 14,000க்கு மேல் டிரான்சிஸ்டர்கள். கைப்பேசிச் சில்லிலோ பல நூறு கோடி! சிக்கல் எங்கே என்றால், வளர்க்கும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு குழாய் உலோகம் போல ஆகிவிடுகிறது. சுவிட்சை அணைத்தாலும் மின்சாரம் ஓடும். விதை போட்டு வளர்த்த ரப்பர் மரத்தில் எது நன்றாகப் பால் தரும் என்று முன்பே தெரியாது, அதனால்தானே நம் தோட்டங்களில் ஒட்டுக்கன்று வந்தது? குழாய்க்கு அப்படியொரு வழி இன்னும் சரியாக அமையவில்லை.

இருந்தாலும் என் மனசு குழாய்ப் பக்கம்தான். புள்ளி நிறத்தை அழகாக்குகிறது. குழாய் வென்றால் கணினியின் மின்செலவே இறங்கும். டிவி வாங்குவதென்றால் புள்ளி, சரி. மேற்படிப்பு என்றால் குழாயைப் படி என்று அவனிடம் சொன்னேன்.