டோஸ் கேலிப்ரேட்டரா, வெல் கவுன்டரா: எதை எதில் அளப்பது?

அணு மருத்துவத்தில் கதிரியக்கத்தை அளக்கும் இந்த இரண்டு கருவிகளிலும் நடுவே ஒரு குழி. அதற்குள் மாதிரியை இறக்குகிறோம். ஒற்றுமை அத்தோடு சரி.

டோஸ் கேலிப்ரேட்டர், அழுத்தத்தில் ஆர்கான் அடைத்த அயனி அறை. கதிர் எழுப்பும் மின்னோட்டத்தை, நாம் தேர்ந்த ஐசோடோப்புக்கான காரணியால் மில்லிகியூரியாக (கதிரியக்க அளவின் அலகு) மாற்றிக் காட்டும். உள்ளே இருப்பது எது என்று அதற்குத் தெரியாது. ஸ்கேனுக்கான டெக்னீஷியம்-99எம் சிரிஞ்சை வைத்து, பட்டன் அயோடின்-131இல் நின்றுவிட்டால் தவறான எண்தான் வரும், எச்சரிக்கை வராது.

வெல் கவுன்டரின் சோடியம் அயோடைடு படிகம் காமாக்களை ஒவ்வொன்றாக எண்ணும். டெக்னீஷியத்தின் 140 கேஇவியையும் (கேஇவி, காமா ஆற்றலின் அலகு) அயோடின்-131இன் 364 கேஇவியையும் பிரித்தும் காட்டும். மேசை, தரையில் சிந்திய கதிரியக்கத்தைத் துடைத்துப் பார்க்கும் சோதனைத் தாள், ஜிஎஃப்ஆர் (சிறுநீரக வடிகட்டும் வேகம்) அளக்க எடுத்த ரத்த மாதிரி போன்ற மைக்ரோகியூரிக்கும் கீழானவை இதற்குரியவை. மில்லிகியூரி சிரிஞ்சை இறக்கினால் டெட் டைமில் (ஒரு காமாவை எண்ணி முடிக்கும்வரை அடுத்ததைப் பிடிக்க முடியாத நேரம்) மூழ்கி எண்ணிக்கை சரியும். 'கொஞ்சம்தான் இருக்கிறது' என்று ஏமாந்துபோவோம். ஜிஎஃப்ஆர் குழாய்கள் எல்லாவற்றிலும் ஒரே கன அளவு, சொல்லப்போனால் சரியாக 1 மி.லி., இருக்க வேண்டும். திரவம் உயர உயர மேல்வாய் வழியாகத் தப்பும் கதிரும் கூடும்.

வேலூர்க் கத்திரி வெயிலில் ஏசி நின்றால் அடிபடுவதும் வெல் கவுன்டர்தான். அறை சூடானால், படிகத்தின் ஒளியை மின்துடிப்பாகப் பெருக்கும் ஃபோட்டோமல்டிப்ளையரின் பெருக்கம் மாறி, சரிபார்க்க வைக்கும் சீசியம்-137இன் 662 கேஇவி உச்சி (எண்ணிக்கை குவியும் இடம்) நகர்ந்துவிடும். உச்சியைத் திரும்பச் சரிசெய்யாமல் எண்ணக் கூடாது. அடைபட்ட ஆர்கான் அறை இந்தச் சூட்டை அவ்வளவாகப் பொருட்படுத்தாது.

டெக்னீஷியத்தைத் தரும் ஜெனரேட்டரில் அதன் தாய் ஐசோடோப்பான மாலிப்டினமும் கலந்து வரலாம். இந்த மாலிப்டினம் கசிவைப் பார்க்கக் கேலிப்ரேட்டரே போதும். வடித்த குப்பியை 6 மி.மீ. ஈயக் கூட்டில் வைத்தால் டெக்னீஷியத்தின் கதிர் ஏறத்தாழ முழுதும் நின்றுவிடும். மாலிப்டினத்தின் 740 கேஇவி கதிரில் பாதியளவு வெளியே வரும். அமெரிக்க மருந்து நூலின் வரம்பு, ஊசி போடும் நேரத்தில் ஒரு மில்லிகியூரி டெக்னீஷியத்துக்கு 0.15 மைக்ரோகியூரி மாலிப்டினம். காலையில் 0.1 என்று நிம்மதியாகக் குறித்துக்கொண்டால், ஆறு மணி நேரத்தில் அது 0.19 ஆகிவிடும், டெக்னீஷியம் பாதியாகக் குறைய, மாலிப்டினம் 6% தான் குறையும்.

சென்னையிலிருந்து மூன்று மணி நேரம் சாலையில் வரும், பெட் ஸ்கேனுக்கான எஃப்-18இல் (ஃப்ளோரின்-18) 32% தான் மிஞ்சும். எந்த நேரத்தில் அளந்தோம் என்பதையும் எண்ணோடு சேர்த்து எழுத வேண்டும்.

ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் கேலிப்ரேட்டர்தான். அது இல்லாமல் நோயாளிக்கு ஊசியே போட முடியாது. தினமும் சீசியம்-137 வைத்து 5% வித்தியாசத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். அந்த மூலமே ஆண்டுக்கு 2.3% குறையும், அதைக் கழிக்காவிட்டால் மூன்றாம் ஆண்டில் நல்ல கருவி பழுதானது போலத் தெரியும்.