கப்பி மீனின் ஆசனவாயில் சிவப்பு நூல் தெரிகிறதா? குட்டி என்று சொன்னால் நம்பாதீர்கள்

கப்பி, பிளாட்டி, மோலி போன்ற வண்ணமீன்கள் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். "ஒரு மாதம் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்தாச்சு, புழு மருந்தும் கொடுத்தாச்சு, நேரா உங்க தொட்டியில விடலாம்" என்று வாய் கூசாமல் சொல்லி ஒரு விற்பனையாளர் எனக்குக் கப்பிகளைக் கொடுத்தார். டெட்ரா மீன்களும் கோரிடோரஸ் மீன்களும் நன்றாக வாழ்ந்துகொண்டிருந்த தொட்டி அது. சில வாரங்களிலேயே ஒரு பெண் கப்பியின் ஆசனவாயில் மெல்லிய சிவப்பு இழைகள் நீட்டிக்கொண்டு நின்றன. மீன் அசையாமல் நின்றால் தெரியும், நீந்தினால் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

படம் எடுத்து அனுப்பினேன். "சினை மீன் சார், குட்டி போடப் போகுது" என்று பதில் வந்தது. அப்பட்டமான பொய். கப்பிக் குட்டி கண்ணும் வாலுமாகச் சுருண்டு வெளியே வரும், வந்தவுடன் நீந்தும். நாள் கணக்கில் நூலாகத் தொங்காது. அடுத்து ஓர் ஆண் கப்பிக்கும் அதே இழைகள்! குதத்துடுப்பு குச்சிபோல் நீண்ட, சந்தேகமே இல்லாத ஆண். அந்தப் படத்தையும் அனுப்பியதும் பேச்சு மாறியது. உங்கள் தண்ணீர் சரியில்லை, கல்லுப்பு போடுங்கள் என்றார்.

இது கமல்லானஸ் என்ற உருளைப்புழு. குடல் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும். பெண் புழு முட்டையிடாது, உயிருள்ள இளம்புழுக்களைத் தண்ணீரில் விடும். அவற்றைத் தின்னும் அடுத்த மீனுக்கும் தொற்றும். அதனால்தான் பல வகை மீன்கள் சேர்ந்திருக்கும் தொட்டியில் ஒரு மீனோடு நிற்பதில்லை. வயிறு ஒட்டும், கழிவு வெள்ளை நூலாக வரும், சிவப்பு இழை கண்ணில் படும்போது நோய் முற்றியிருக்கும். எனக்குக் கோரிடோரஸ்களும் போயின. அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

கல்லுப்பு இதைக் கொல்லாது. பிரசிகுவாண்டல் என்ற மருந்து தட்டைப்புழுவுக்கும் நாடாப்புழுவுக்கும்தான், இதற்கு உதவாது. பலன் தருவது லெவமிசோல். ஆடுமாடுகளுக்குக் கொடுக்கும் அதே குடற்புழு மருந்துதான், அளவை மட்டும் தெரிந்தவரிடம் கேட்டுப் போடுங்கள். வெளிச்சத்தில் வீரியம் குறையும் என்பதால் விளக்கை அணைத்துவிட வேண்டும். மருந்து புழுவைச் செயலிழக்க வைக்கும், மீன் அதைக் கழிவோடு வெளியே தள்ளும். மறுநாள் அடிமண்ணைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துப் பெருமளவு தண்ணீரை மாற்றாவிட்டால் உழைப்பு வீண். இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடியும் கொடுக்க வேண்டும். ஃபென்பெண்டசோல் என்ற மருந்தும் வேலை செய்யும், ஆனால் சில நத்தைகளுக்கு ஆகாது.

வாங்கும் இடத்தில் அவசரப்படுத்தினால் கிளம்பிவிடுங்கள். தொட்டி முன் நின்று, நிற்கும் மீன்களைப் பின்பக்கமிருந்து பாருங்கள். ஒன்றில் சிவப்பு தெரிந்தாலும் அந்தத் தொட்டி முழுவதையும் விடுங்கள், அதே தண்ணீர் சுற்றும் பக்கத்துத் தொட்டிகளையும் சேர்த்து. "மருந்து கொடுத்தாச்சு" என்றால் எந்த மருந்து, எப்போது என்று கேளுங்கள். நான் கேட்டபோது அவரால் பெயர்கூடச் சொல்ல முடியவில்லை. பணத்தைத் திருப்பித் தரவில்லை, என் எண்ணையும் தடுத்துவிட்டார். அதே தொட்டியிலிருந்து இன்றும் கப்பி விற்றுக்கொண்டிருக்கிறார்.