இரவு எட்டரைக்கு எது ஓடும்: 4ஜி ரவுட்டரா, ஃபைபரா?

யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் வீட்டில் மூன்று வருடம் 4ஜி ரவுட்டர் ஓடியது. போன வருடம் ஃபைபர் (கண்ணாடி இழைக் கேபிள்) லைன் இழுத்தோம். இரண்டையும் ஒரே வீட்டில், ஒரே ஆட்களோடு பாவித்துவிட்டேன். உங்கள் ஒழுங்கை வரைக்கும் ஃபைபர் வந்திருந்தால் யோசிக்காமல் அதை எடுங்கள் என்பதுதான் என் கட்சி. காரணமும் ஒன்றுதான். அது இரவு ஏழு மணிக்கும் பத்தரைக்கும் இடையில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் நெட்டுக்கு உண்மையான வேலை அந்த மூன்றரை மணித்தியாலத்தில்தான். ஏழரைக்கு மகளுக்கு சூமில் ரசாயனவியல் ரியூசன். எட்டரைக்கு ரொறன்ரோவில் இருந்து தங்கச்சி அம்மாவோடு கதைப்பாள். யாழ்ப்பாணத்தில் பாதி வீடுகளின் கதை இதுதானே. இங்கே இரவு எட்டரை என்றால் ரொறன்ரோவில் முற்பகல், லண்டனில் பிற்பகல். அங்குள்ளவர்களுக்கும் இங்குள்ளவர்களுக்கும் ஒத்துவரும் நேரம் அதுதான். சனி ஞாயிறு என்றால் கேட்கவே வேண்டாம், ஊர் முழுக்க வீடியோ கோல்.

வேறு எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். லப்டொப்பை ரவுட்டரோடு வயரால் இணைத்து, காலை ஆறு மணிக்கும் இரவு எட்டரைக்கும் ஸ்பீட் பாருங்கள். இரண்டு நேரமும் வயரில் நன்றாக இருந்து, அறைக்குள் வைஃபையில் மட்டும் இழுக்கிறது என்றால் பிழை வீட்டுக்குள் இருக்கிறது. ரவுட்டரை நடு அறைக்கு மாற்றினாலோ 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபைக்குப் போனாலோ பாதி சரியாகும். வயரிலும் இரவில் மட்டும் விழுகிறது என்றால் தொடர்ந்து படியுங்கள்.

எங்களுக்கு வயரிலும் விழுந்தது. இரண்டு கிழமை ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். காலையில் 40 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட்) அளவில் வந்தது, இரவு எட்டரைக்கு மூன்றைத் தொடவில்லை. கொம்பனிக்கு அடித்தால் ரவுட்டரை நிப்பாட்டிப் போடச் சொன்னார்கள். பிறகு பார்க்க வந்த பெடியன்தான் உள்ளதைச் சொன்னான்: "அண்ணை, உங்கட ரவுட்டரில பிழையில்லை. இந்த நேரம் ஊரே ரவரில தொங்குது."

அவன் சொன்னதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. ஒரு ரவர் வழக்கமாக மூன்று திசைக்கு மூன்று பங்காகப் பிரிந்து நிற்கும். ஒரு பங்கில் 20 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசை, சாதாரண இரட்டை அன்ரனா அமைப்பு என்றால் கணக்குப்படி உச்சம் 150 எம்பிபிஎஸ். அது ஒரு வீட்டுக்கு அல்ல, அந்தத் திசையில் உள்ள எல்லா வீட்டு ரவுட்டருக்கும் எல்லாக் கைபேசிக்கும் சேர்த்து. நடைமுறையில் அந்த உச்சமும் கிடைக்காது, தூரத்தில் சிக்னல் குறைந்து நிற்கும் வீடுகள் ரவரின் நேரத்தைக் கூடுதலாகத் தின்னும். நாற்பது வீடு ஒரே நேரத்தில் வீடியோ பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் என்ன மிஞ்சும் என்று நீங்களே பிரித்துப் பாருங்கள். ஃபுல் எச்டி படம் ஒன்றுக்கே நெட்ஃப்ளிக்ஸ் 5 எம்பிபிஎஸ் கேட்கிறது.

புதிதாக ரவர் பங்கு சேர்த்தால் கொஞ்ச நாள் நன்றாக ஓடும். பிறகு அதைப் பார்த்து இன்னும் பத்து வீடு ரவுட்டர் வாங்கும், பழையபடி வந்து நிற்கும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் எங்கள் பக்கம் இன்னும் கூட இழுத்தது. கோயிலடிக்கு வந்த சனத்தின் கைபேசிகளும் எங்கள் ரவுட்டரும் ஒரே வரிசையில்தானே நிற்கின்றன.

நானும் சும்மா இருக்கவில்லை. கூரைக்கு மேலே பைப் நட்டு வெளி அன்ரனா பூட்டினேன். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போய் சிக்னல் இலக்கங்களைப் பார்த்து, மைனஸ் 104 ஆக இருந்ததை மைனஸ் 88க்குக் கொண்டுவந்தேன் (பூச்சியத்துக்குக் கிட்ட வரவர சிக்னல் நல்லது). கட்டங்கள் எல்லாம் நிரம்பிப் பச்சையாக நின்றன. காலையில் ஸ்பீட் நன்றாகக் கூடியது. இரவில் மூன்று ஐந்தானது, அவ்வளவுதான். சிக்னல் வேறு, நெரிசல் வேறு என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. பக்கேஜைப் பெரிதாக்கியும் பார்த்தேன். டேட்டா கூடியது, எட்டரை மணி மாறவில்லை.

ஃபைபரிலும் பங்கு உண்டு. தனி லைன் என்று விற்பவர்கள் சொன்னாலும் அது முழுக்கச் சரியில்லை. பரவலாக உள்ள ஜீபொன் முறையில், எக்ஸ்சேஞ்சில் இருந்து வரும் ஒரு கண்ணாடி இழை தூணிலோ சந்தியிலோ ஒரு பெட்டிக்குள் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. ஆனால் பங்கிடப்படும் சாமானின் அளவைப் பாருங்கள்: கீழே வருவதற்கு 2.5 ஜிபிபிஎஸ் (ஒரு ஜிபிபிஎஸ் என்றால் ஆயிரம் எம்பிபிஎஸ்), மேலே போவதற்கு 1.25. 32 வீடும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இறக்கினாலும் ஒரு வீட்டுக்கு 75க்கு மேல் வரும். 64 வீடானாலும் 39 அளவில் நிற்கும். அப்படி எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பது நடக்கிற காரியமில்லை. ரவரில் எத்தனை பேர் சேர்வார்கள் என்பதற்கு எல்லையில்லை, இங்கே பெட்டியில் இருக்கும் துளைதான் எல்லை. நான் காசு கொடுப்பது இந்த வித்தியாசத்துக்குத்தான்.

லைன் பூட்டிய அன்று இரவு எட்டரைக்கு அதே கொப்பியை எடுத்தேன். பக்கேஜில் சொன்ன வேகத்தில் பத்தில் ஒன்பது பங்கு வந்தது. அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது பிங், அதாவது தகவல் போய்த் திரும்ப எடுக்கும் நேரம். முன்பு மகள் வகுப்பில் கேள்வி கேட்டால் குரல் போய்ச்சேர ஒரு நொடிக்கு மேல் ஆகும், அதற்குள் சேர் அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். இப்போது நேருக்கு நேர் கதைப்பது போல இருக்கிறது. தங்கச்சியின் முகம் உறைந்து நிற்காமல் அம்மா முழுதாக ஒரு மணித்தியாலம் கதைக்கிறார்.

ஃபைபரில் இரவு எப்போதுமே சுத்தமாக ஓடும் என்று எழுதமாட்டேன். கொம்பனியின் வெளிநாட்டு இணைப்பு நெரிந்தால், யூடியூப் நன்றாக ஓடும்போதே வேறு சில தளங்கள் மெல்லத் திறக்கும். பெரிய கொம்பனிகளின் வீடியோக்கள் உள்நாட்டுச் சேவையகங்களிலேயே பிரதி வைக்கப்படுவதால் இப்படி வரும். எனக்கு இந்தப் பத்து மாதத்தில் அது இரண்டு மூன்று இரவுதான் நடந்தது. என் அனுபவம் ஒரு ஒழுங்கையின் அனுபவம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபைபரின் உண்மையான குறை அறுந்தால் தெரியும். ஆனி மாதக் காற்றில் பக்கத்து வளவுப் பனையில் இருந்து மட்டை ஒன்று விழுந்து எங்கள் கேபிளை அறுத்தது. வீட்டுக்குள் கேபிள் வந்து சேரும் வெள்ளைப் பெட்டியில் சிவப்பு லைட் மினுங்கத் தொடங்கியது. ஆள் வர நாலு நாள். அந்த நாலு நாளும் கைபேசி டேட்டாதான். 4ஜி ரவுட்டரில் இப்படி ஒரு நாளும் நடக்காது. வீடு மாறினாலும் தூக்கிக்கொண்டு போகலாம். வாடகை வீட்டுக்காரர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

அறுந்ததைத் திருத்த வந்தவரின் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கறுப்புக் கேபிளை உரித்து, உள்ளே இருந்த தலைமயிர் போன்ற கண்ணாடியை ஸ்பிரிட் நனைத்த துணியால் மூன்று தரம் துடைத்தார். சின்னக் கத்தியில் வைத்து வெட்டி, வெட்டிய துண்டுகளைப் போத்தல் ஒன்றுக்குள் போட்டு மூடினார். "நிலத்தில விழுந்தா பிள்ளையளின்ர காலில ஏறும் அண்ணை, கண்ணுக்கும் தெரியாது" என்றார். பிறகு இழையில் எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று காட்டும் மீற்றரை வைத்தார், மைனஸ் 20 காட்டியது. மைனஸ் 27க்குக் கீழே போனால் லைன் தடுமாறும். உங்களுக்குப் பூட்டும்போதும் அந்த இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். பின்னொரு நாள் லைன் இழுத்தால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

மின்வெட்டு இரண்டுக்கும் பொதுச் சிக்கல். வீட்டில் 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் ஒன்று போதும்.

பழைய கொப்பர் ரெலிபோன் லைனில் வரும் ஏடிஎஸ்எல் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. அது எக்ஸ்சேஞ்சில் இருந்து தூரம் போகப்போக மெலியும், நல்ல லைனிலும் உச்சம் 24 எம்பிபிஎஸ். ஐப்பசி இடிக்கு மாமி வீட்டு ரவுட்டர் இரண்டு தரம் எரிந்தது. கண்ணாடி இழை மின்னைக் கடத்தாது, ஆனால் ஃபைபர் கேபிளோடு ஒரு இரும்புக் கம்பி வரும், பவர் பிளக்கும் இருக்கிறது. அதனால் இடி நேரம் பிளக்கைக் கழற்றும் பழக்கத்தை விடவேண்டாம்.

ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கையில் தொடங்கியது. நான் பாவிக்கவில்லை. அதன் சற்றலைற்றுகள் ஐந்நூறு கிலோமீற்றர் அளவு உயரத்திலேயே சுற்றுவதால் பழைய சற்றலைற் போலத் தாமதம் இருக்காது, ஆனால் அதுவும் ஒரு பரப்பில் உள்ளவர்கள் பங்கிடும் வானலைதான். முதற்செலவும் மாதச்செலவும் எங்கள் வீட்டுக் கணக்குக்குக் கூட. நெடுந்தீவு போன்ற இடத்தில் இருப்பவருக்கு என் கணக்கு பொருந்தாது.

ஃபைபர் இன்னும் வராத இடமென்றால், ரவுட்டர் வாங்குமுன் ஒவ்வொரு கொம்பனியின் சிம்மையும் கடன் வாங்கி, உங்கள் வீட்டிலேயே ஒரு கிழமை இரவு எட்டரைக்கு ஸ்பீட் பாருங்கள். காலையில் கடைக்காரர் காட்டும் வேகத்தை நம்பவேண்டாம். எந்த ரவரில் சனம் குறைவோ அந்தக் கொம்பனியை எடுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் எடுத்ததையே எடுக்கவேண்டும் என்றில்லை. பெரிய பதிவிறக்கங்களை நள்ளிரவுக்குப் பிறகான டேட்டாவுக்குத் தள்ளுங்கள்.

ஃபைபர் வந்துவிட்டதென்றால், கேபிள் இழுக்கும் நாளில் கட்டாயம் வீட்டில் நில்லுங்கள். எங்களுக்கு முதல்தரம் பனைக்குக் கீழே இழுத்துவிட்டுப் போனார்கள். இரண்டாம் தரம் நான் படலையடியில் நின்று, மதில் ஓரமாகச் சுற்றி வரச்சொன்னேன். ஓட்டுத் தாழ்வாரத்தில் மூன்று நாலு மீற்றர் கேபிளை வளையமாகச் சுற்றி விடவும் கேட்டேன். இனி அறுந்தாலும் புதுக்கேபிள் தேடாமல் அதில் இருந்து இழுத்துப் பூட்டலாம்.